எஞ்சினை இறக்குமுன் காது கொடுங்கள்

“ராடு அடிக்குதுண்ணே, எஞ்சினை இறக்கணும்.” பழைய புல்லட் வைத்திருப்பவரின் வயிற்றில் புளியைக் கரைக்கும் தீர்ப்பு இது. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் இந்தத் தீர்ப்பு இப்போதெல்லாம் வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. வண்டி வந்து நின்றதும் இரண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார்கள். ‘டொக் டொக்’ என்று கேட்டதும் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்குச் செலவிட வேண்டிய பத்து நிமிடத்தை யாரும் செலவிடுவதில்லை. அதன் விலை வண்டிக்காரரின் ஒரு மாதச் சம்பளமாகக்கூட இருக்கலாம்.

அந்த எஞ்சின் அவ்வளவு எளிதில் உடைகிற சரக்கல்ல. பின்சக்கர சஸ்பென்ஷனோடு கூடிய ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் முன்மாதிரி வண்டிகள் முதன்முதலில் வெளியே தலைகாட்டியது 1948 பிப்ரவரியில், இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை ட்ரயல்ஸ் போட்டியில். ட்ரயல்ஸ் என்பது வேகப் பந்தயமல்ல. பாறை, சேறு, ஓடை, செங்குத்து மேடு என எது வந்தாலும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் புள்ளி போகும். ராயல் என்ஃபீல்டு ஓட்டிய ஜானி பிரிட்டன், ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல்ஸை 1952இலும் 1957இலும் வென்றார். நடை வேகத்தில் பாறை ஏறும்போது ஓட்டுபவரின் உயிர்நாடி கிளட்ச்தான். முழுதாகப் பிடிக்காமலும் முழுதாக விடாமலும் இரண்டு விரலில் வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். பிளேட்டுகள் ஓயாமல் உரசும், சூடேறும், தேயும்.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட்டுக்கும் அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி எஞ்சின்தான். இங்கே அதை யாரும் போட்டிக்கு வாங்கவில்லை. ஆனால் ஆம்பூர் பஜாரின் நெரிசலில் சரக்கு மூட்டையோடு ஊர்ந்து போகிறவரும், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறவரும் தங்கள் இடது கையால் செய்வது ட்ரயல்ஸ்காரர் செய்த அதே வேலையைத்தான். அதனால் இந்தப் பகுதியின் பழைய புல்லட்டுகளில் சத்தம் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிஸ்டனையோ கனெக்டிங் ராடையோ அல்ல. இடப்பக்க மூடிக்குள் இருக்கும் பிரைமரி பெட்டியைத்தான்.

அந்தப் பெட்டிக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள்: கிளட்ச், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிரைமரி செயின், கிராங்கின் முனையில் சுழலும் ஆல்டர்னேட்டர் ரோட்டர். மூன்றுமே எஞ்சின் சத்தம்போல ஏமாற்றக்கூடியவை. செயின் தொய்ந்தால் ஸ்லோவில் பெட்டியின் சுவரில் அடிக்கும், முறுக்கினால் அடங்கும். ரோட்டரின் நட்டு தளர்ந்தால் கனமான, ஆழமான ‘டொக்’ வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்கான பிக் எண்ட் போனது போலவே இருக்கும். அந்த நட்டை முறுக்கிவிட்டால் முடிந்துபோகிற வேலைக்காக எஞ்சினை இறக்கி, கிராங்கைப் பிரித்து, பிரஸ்ஸில் வைத்துவிட்டால் நல்ல நிலையில் இருந்த பேரிங்கும் போய்விடும்.

பழைய மெக்கானிக்குகள் செய்யும் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, கிளட்ச் லீவரை மெதுவாகப் பிடிப்பார்கள். பிடித்ததும் சத்தம் நின்றால் கிளட்ச் டிரம்மோ கியர் பாக்ஸ் பேரிங்கோ பேசுகிறது என்று பொருள். ஏனென்றால் அந்த நொடியில் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் எஞ்சினிலிருந்து கழன்று நிற்கிறது. பிடித்தபிறகு புதிதாகச் சத்தம் கிளம்பினால் கிளட்சைத் தள்ளும் ராடையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். பிடித்தாலும் விட்டாலும் மாறாத சத்தம் மட்டும்தான் பிரைமரி செயின், ரோட்டர் அல்லது எஞ்சின் பக்கம் விரல் நீட்டுகிறது.

அப்போதும் ஸ்பேனர் வேண்டாம். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். அதன் முனையை ஹெட்டிலும், சிலிண்டரிலும், டைமிங் மூடியிலும் மாற்றி மாற்றி வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்துவார்கள். வால்வை இயக்கும் டேப்பட்டின் ‘டிக் டிக்’ கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் வரும். ரோட்டர் உரசினால் சுற்றுக்கு ஒரு முறை. பிஸ்டன் தளர்ந்திருந்தால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் கரகரத்து, சூடேறியதும் குறையும். பிக் எண்ட் உண்மையிலேயே போயிருந்தால் மேட்டில் பாரம் இழுக்கும்போது குரல் உயரும். டேப்பட் என்று தெரிந்தால், எஞ்சின் குளிர்ந்தபின் சிலிண்டர் பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இவ்வளவுதான்.

கிளட்சின் நோய்களும் இதே மாதிரி வாய்விட்டுச் சொல்பவை. கிக் அடித்தால் வழுக்குகிறதா, முறுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையா? அது ஸ்லிப். லீவரைப் பிடித்தும் வண்டி முன்னே இழுக்கிறதா, நியூட்ரல் விழ மறுக்கிறதா? பிளேட்டுகள் பிரியவில்லை. மூடியைக் கழற்றி, லீவரைப் பிடித்தபடி பிரஷர் பிளேட்டைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஸ்பிரிங் ஒன்று சோர்ந்திருந்தாலும் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து எழும். டிரம்மின் விரல்களில் பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருப்பதை நகத்தால் தடவினாலே தெரியும். எண்ணெயும் ஒரு காரணம். பழைய புல்லட்டில் பிரைமரி பெட்டிக்குத் தனி ஆயில். அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற பைக் ஆயில் தரக்குறி போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம்.

இந்தக் கேட்கும் பழக்கம் ஏன் போனது? 2010 வாக்கில் புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் தயாரிப்பு நின்றுபோனது. அதன் இடத்துக்கு வந்த எஞ்சினில் டேப்பட் ஹைட்ராலிக், தானே சரிசெய்துகொள்ளும். அதற்குப் பின் தொழிலுக்கு வந்த பையன்களுக்குப் புஷ் ராடை உருட்டிப் பார்க்கும் தேவையே வரவில்லை. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. காட்டிக்கொடுக்க ஆளில்லை. காதைப் பிளக்கும் சைலன்ஸர் மோகம் வேறு; அந்த இரைச்சலுக்குக் கீழே எந்த மெக்கானிக்குக்கும் எதுவும் கேட்காது.

சட்டமும் இப்போது இதில் வந்து நிற்கிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து 1960களில் வந்த புல்லட்டுகள் இந்த வயதைத் தாண்டிவிட்டன. அந்த அசல் எஞ்சினின் வார்ப்பிரும்பு சிலிண்டரைச் சில முறைதான் போர் செய்ய முடியும். தேவையில்லாமல் செய்த ஒவ்வொரு போரும் அந்த வண்டியின் ஆயுளிலிருந்து கழித்த கணக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் பட்டணங்களில் கேட்கத் தெரிந்த காதுகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் ஆதங்கம். டேனரியில் தோலும் குரோம் கரைசலுமாகச் சுழலும் பெரிய மர டிரம்மின் பேரிங் தேய்ந்தாலோ பினியன் பல் உடைந்தாலோ, மோட்டார் நிற்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடும் ஃபிட்டர்கள் இங்கே தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தக் காதை அடுத்த தலைமுறை மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு ஓடும் நிலையில் உள்ள வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சின் ஒன்று வேண்டும். அதில் செயினைத் தளர்த்தியும் டேப்பட்டை மாற்றியும் வைத்து, மாணவர்களைக் கேட்கச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஃபிட்டரையும் பழைய மெக்கானிக்கையும் வாரம் ஒரு வகுப்புக்கு அழைத்து, மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டடமோ புதுத் திட்டமோ தேவையில்லை.

அதுவரை வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சூடாக ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் நிறுத்தாதீர்கள். முந்தின இரவே வண்டியைக் கடையில் விட்டுவிட்டு, காலையில் முதல் கிக்கை மெக்கானிக்கே அடிக்கட்டும். லீவரைப் பிடித்து விட்டுப் பார்த்தாரா, இடப்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். இரண்டையும் செய்த பிறகும் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்றால், எந்தச் சத்தத்தை வைத்துச் சொல்கிறார் என்று உங்கள் காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.