ஒரே எண், இரண்டு இறுக்கம்

2001இல் கோபிசந்த் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னாவுக்கு வெண்கலம், 2016இல் ரியோவில் சிந்துவுக்கு வெள்ளி. மூவருக்கும் ஊர் ஹைதராபாத். அங்கே பிடித்த பேட்மின்டன் மோகம் மற்ற ஊர்களுக்கும் பரவ, மட்டைக்கு 'கட்' போடும் கடைகளும் பெருகின. விலங்குக் குடலில் நரம்பு திரித்த காலத்துப் பெயர் அது. இன்று பெரும்பாலும் நைலான்தான்.

கடைக்காரர்களுக்கு இப்போது ஒரு சபலம். கையால் இயக்கும் இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டு, கடன் வாங்கியாவது எலக்ட்ரானிக் வாங்கிவிடலாமா?

கைப்பிடி சுற்றும் இயந்திரத்துக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங். குறித்த இறுக்கம் வந்ததும் பூட்டிக்கொள்ளும். நைலானோ பூட்டிய பிறகும் இளகும். எலக்ட்ரானிக் அப்படி விடுவதில்லை. இளகியதை உடனே இழுத்து ஈடுகட்டுகிறது. ஆகவே இரண்டிலும் 24 பவுண்ட் என்றே வைத்தாலும் எலக்ட்ரானிக்கில் போட்டதுதான் கூடுதல் இறுக்கம். விவரம் தெரியாமல் கடை மாறிய பையன், இறகுப்பந்து பழைய வேகத்தில் போகவில்லையே என்று ஓங்கி ஓங்கி அடிக்கிறான். வலி அவன் தோளுக்கு. மட்டை தாங்கும் வரம்பை இறுக்கம் மீறினால் சட்டமே விரிசல் விடும்.

வேடிக்கை என்னவென்றால், இருப்பதிலேயே மலிவான எடைத்தண்டு இயந்திரமும் எலக்ட்ரானிக் செய்வதையே செய்கிறது. நரம்பு இளக இளக, தண்டில் உள்ள எடை இறங்கி இழுத்துக்கொண்டே இருக்கும். புவியீர்ப்புக்கு மின்வெட்டு கிடையாது. ஸ்பிரிங் போலத் தளர்வதும் இல்லை. குறை ஒன்றுதான்: தாமதம். ஒவ்வோர் இழுப்பிலும் தண்டு கிடையாக நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எனவே நாளுக்கு இரண்டு மூன்று மட்டை வரும் கடைக்கு எடைத்தண்டு போதும். பத்துப் பன்னிரண்டு வந்தால் கைப்பிடி இயந்திரம். கூடவே ஒரு ஸ்பிரிங் தராசு வைத்து அவ்வப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும். போட்டி நாளில் வரிசை கட்டி நிற்கும் மட்டைகளுக்குத்தான் பல மடங்கு விலையுள்ள எலக்ட்ரானிக் நியாயம். அதற்கும் சரிபார்ப்பு உண்டு. நரம்பைக் கவ்வும் பிடி வழுக்கினால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது.

கடன் வாங்குமுன் காசில்லாத சீர்திருத்தம் ஒன்று செய்யலாம். மட்டையோடு ஒரு சீட்டு: எத்தனை பவுண்ட், என்ன நரம்பு, எந்த வகை இயந்திரம், என்ன தேதி. அடுத்த கடைக்குப் போனாலும் பையனின் தோள் தப்பிக்கும்.