இறந்த மகனின் பங்கு எங்கே போனது?

 

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் எனச் சென்னையின் தென்புறம் முழுவதும் மனை விலை ஏறிவிட்டது. நம் முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரு கிரவுண்டு மனையைக் கேட்டு, அடுக்குமாடி கட்டுவோர் வாசலுக்கே வருகின்றனர். அத்தா மறைந்து பல ஆண்டுகளாகப் பிரிக்கப்படாமல் கிடந்த சொத்து அன்றுதான் பேச்சுக்கு வருகிறது. அதற்குள் மகன்களில் ஒருவர் மவுத்தாகியிருப்பார். உடனே, "அவன்தான் போய்விட்டானே, அவனுக்கு ஏது பங்கு?" என்கின்றனர்.

இந்த ஒரு சொல்லால் விதவையும் யதீம் பிள்ளைகளும் வெறுங்கையோடு நிறுத்தப்படுகின்றனர். இதை மார்க்கத்தின் பெயரால் சொல்வதுதான் பெருங்கொடுமை. மார்க்கம் இப்படிச் சொல்லவே இல்லை.

முதலில் இறந்தவர் யார் என்பதே கேள்வி. தந்தையின் உயிர் பிரியும்போது உயிரோடிருக்கும் ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்கு அப்போதே உரிமையாகிவிடுகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படாவிட்டாலும், பட்டா மாறாவிட்டாலும் அந்த உரிமை நிற்கும். பின்னர் அந்த மகன் இறந்தால், அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளையே சேரும். ஃபிக்ஹு நூல்கள் இதனை 'முனாஸகா' என்னும் தனிப் பாடமாகவே வைத்துள்ளன.

கணக்கிட்டுப் பார்ப்போம். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் ஒருவர் விட்டுச்சென்றது 2,400 சதுர அடி மனை. வாரிசுகள் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 300. மீதி 2,100இல் மகன்களுக்குத் தலா 840, மகளுக்கு 420. பிரிக்கும் முன்பே மூத்த மகன் இறக்கிறார். அவருக்குத் தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். அவரது 840இல் தாய்க்கு ஆறில் ஒன்று 140, மனைவிக்கு எட்டில் ஒன்று 105, மகன்களுக்குத் தலா 238, மகளுக்கு 119. விதவைக்கும் பிள்ளைகளுக்குமாக 700 சதுர அடி. அந்த 840இல் இளைய சகோதரருக்கு ஓர் அடியும் கிடையாது. விதவையின் மஹ்ர் பாக்கியிருந்தால் அதுவும் கடனே; பங்கிடும் முன் அதைத் தீர்க்க வேண்டும்.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் சொத்து முழுவதையும் அவர்களுடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை தம் இரண்டு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியதே உமக்கு என்று அந்தச் சகோதரருக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவான இச்செய்தியை அறிந்துகொண்டே இன்றும் அதே தவறைச் செய்வோர் என்ன பதில் வைத்திருக்கின்றனர்?

"விதவை மறுமணம் செய்துகொள்வாள்" என்கின்றனர். செய்யட்டும். அவளது பங்குக்கும் மறுமணத்துக்கும் தொடர்பில்லை. "பிள்ளைகளை நாங்கள்தானே வளர்த்தோம்" என்கின்றனர். சோறு போட்டது நன்மை. அதற்கு விலையாக யதீமின் மனையை எடுப்பது, வயிற்றில் நெருப்பை நிரப்புவதாகக் குர்ஆன் (4:10) எச்சரிக்கும் பாவம். "அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள்" என்கின்றனர். இத்தாவில் இருந்தவளிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டி வாங்கிய கையெழுத்தா மனமுவந்த விட்டுக்கொடுப்பு? சிறுவர்களின் பங்கை விட்டுக்கொடுக்க அவளுக்கும் அதிகாரமில்லை, பெரியத்தாவுக்கும் சாச்சாவுக்கும் அதிகாரமில்லை. தந்தையின் வஸிய்யத்தாலோ நீதிமன்றத்தாலோ காப்பாளராக நியமிக்கப்படாதவர், சிறாரின் மனையை எழுதிக்கொடுத்தால் நாட்டின் சட்டத்திலும் அது செல்லாது.

இவ்வளவுக்கும் வேர், "உம்மா இருக்கும்வரை பிரிக்கக் கூடாது" என்ற நம் வழக்கம். உம்மாவுக்குரிய எட்டில் ஒன்றையும் கொடுக்காமல் வைத்திருப்பதா அவருக்குச் செய்யும் மரியாதை?

மகன் தந்தைக்கு முன்பே இறந்திருந்தால் சட்டம் வேறு. தந்தைக்கு வேறு மகன் உயிரோடிருக்க, இறந்த மகனின் பிள்ளைகள் வாரிசாவதில்லை. இதை மறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் வழி அடைபடவில்லை. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் செய்யலாம். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து ஒப்படைக்கலாம். எகிப்து 1946இல் இத்தகைய வஸிய்யத்தைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியது; பாகிஸ்தான் 1961இல் பேரப்பிள்ளைகளுக்கு நேரடிப் பங்கே வழங்கியது. நம் நாட்டில் அப்படி ஏதுமில்லை. ஆகவே பாட்டனார் தம் கையால் எழுதினால்தான் உண்டு. மகனை அடக்கிவிட்டு வந்த பின்னும் எழுதாமல் காலம் கடத்தும் பாட்டனார், "ஷரீஅத் கொடுக்கவில்லை" என்று பழி போடலாகாது. பங்கிடும் இடத்தில் யதீம்கள் வந்து நின்றால் அவர்களுக்கும் கொடுங்கள் என்றே குர்ஆன் (4:8) ஏவுகிறது.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் நம் சொத்துகளை ஷரீஅத்தின்படி பிரிக்க வழிசெய்தது. அதில் விடுபட்ட விவசாய நிலத்தையும் 1949இல் சென்னை மாகாணம் சேர்த்துக்கொண்டது. தடுப்பது நம் பேராசை மட்டுமே.

எனவே ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் உரிமையோடு கேட்கிறோம். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துக்கு வரும் குடும்பத்திடம் முதலில் இறப்புத் தேதிகளைக் கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் இறந்த மகனின் பெயர் விடுபட்டிருந்தால் காரணம் கேளுங்கள். அந்தச் சான்று பங்கின் அளவைச் சொல்லாது. ஃபராயிள் அறிந்த ஆலிமை வைத்துக் கணக்கிடுங்கள். விதவையை அடுப்படியில் நிறுத்திவிட்டு ஆண்கள் மட்டும் பேசி முடிக்காதீர்கள்; அவளும் அவள் பக்கத்தாரும் அமரட்டும்.

தொழுகையும் நோன்பும் ஹஜ்ஜும் நிறைந்த ஒருவரின் வீட்டில் யதீமின் 238 சதுர அடி கலந்திருந்தால், நாளை மறுமையில் அதற்கும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். பிறர் பங்கைத் தொடாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.