வீரபாண்டித் திருவிழா வரைக்கும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் எப்போது பிறக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நெல் நடுகிறவருக்கு, ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீர் திறக்கிற நாள். திராட்சைக்காரருக்குக் கவாத்து வெட்டுகிற நாள். ஆனைமலையன்பட்டியில் ஒருவர் பழம் இறக்கிக்கொண்டிருக்கும்போதே காமயகவுண்டன்பட்டியில் இன்னொருவர் கவாத்து வெட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சை வருடம் முழுக்கச் சந்தைக்கு வருகிறது. வெட்டினதிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம். அதற்கு மேல் யோசிக்கச் சொன்னால், "மொதல்ல இந்தக் காய் எறங்கட்டும் தம்பி" என்பார்கள்.

பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்குதான் சரிப்படும். ஜனவரி முதல் தேதி எழுதுகிற சபதமெல்லாம் ராத்திரி முழுக்கத் தூங்குகிறவர்களுக்கானது. காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போகிறேன் என்று நானும் எழுதலாம். எழுப்பிவிட வீட்டில் ஆள் இருக்கிறது. ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும்கூட எழுப்பும்.

செவிலியர் தருகிற தாய் சேய் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசி. 9 மாதம் முடிந்தால் தட்டம்மை ரூபெல்லா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். முதல் வருடம் முழுக்க வாரத்திலும் மாதத்திலும்தான் ஓடுகிறது. சொந்தக்காரர்கள்தான் பெரிய கணக்குப் போடுகிறார்கள்: எப்போது குப்புற விழும், எந்தப் பள்ளிக்கூடம், பெற்றவளுக்கு வயிறு எப்போது வற்றும். கடைசிக் கேள்வி கேட்டவர்களுக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது காபி கிடையாது.

குறிக்கோள் வைப்பதற்கும் நேரம் வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. மாநில அரசு வேலையில் இருக்கிற பெண்ணுக்கு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம். கம்பெனியில் இருந்தால், 2017 சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு? போனால்தான் கூலி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, தவணை தவணையாக வரும் 18,000 ரூபாய் உதவிதான்; ஆனால் அது எத்தனை மாதக் கூலிக்கு ஈடாகும்? அம்மாச்சியிடம் விட்டுவந்த பிள்ளை சாயங்காலம் வரை பசிக்கு அழாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறென்ன சபதம் எடுப்பாள்? இந்த ஊரில் புத்தாண்டுக் குறிக்கோளைப் பற்றி எழுதுகிறவன் அந்த ஜீப்பைத் தாண்டிக்கொண்டு போய்விட முடியாது.

திராட்சைக் கணக்கில் ஜனவரியிலிருந்து நாலு மாதம் எண்ணினால் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாப் பக்கம் வந்து நிற்கும். அதுவரைக்கும் மட்டும் சபதம் எழுதியிருக்கிறோம். நடுராத்திரிக்குப் பிறகு துணி மாற்றுவதும் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பதும் என் வேலை. தடுப்பூசி நாளன்று நானும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வாசலில் பைக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மனைவிக்காக நான் எதுவும் எழுதவில்லை. அவளே பேனாவை வாங்கி ஒரே வரி எழுதினாள்: தினம் ஒரு வேளையாவது சோறு சூடாகச் சாப்பிட வேண்டும்.

திருவிழாவுக்கு அப்புறம் என்ன திட்டம் என்று மாமனார் கேட்கிறார். பிள்ளை அதற்குள் தவழ ஆரம்பித்துவிடும். செல்போன் சார்ஜரையெல்லாம் மேலே ஏற்ற வேண்டும், மாமா.