ஐந்தாவது பர்ஸ்

எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்ததே தோல்தான். குரோம் லெதர் கம்பெனி இருந்த இடம் என்பதால் குரோம்பேட்டை. ஆனால் 38 வருஷம் இங்கே குடியிருந்தும் தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நாகல்கேணிப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

போன வருஷம் ஆடி மாதத்தில் பேரன் ஒரு வீடியோவைக் காட்டினான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து, மெஷினே இல்லாமல் மணிபர்ஸ் தைக்கிறார். "தாத்தா, நீங்க சும்மாத்தானே இருக்கீங்க, இதைப் பண்ணலாமே" என்றான். அந்த 'சும்மா' என்னைச் சுட்டுவிட்டது. மறுநாளே ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரியமேட்டுக்கு நடந்தேன்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. "குரோமா, வெஜிடபிளா?" என்றார். அவரே விளக்கினார். குரோமிய உப்பில் பதப்படுத்தினால் சீக்கிரம் முடியும், தோல் மெத்தென்று இருக்கும். மரப்பட்டை, கடுக்காய் இவற்றின் சாற்றில் ஊறவைத்தால் வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அந்தத் தோல்தான் விறைப்பாக நிற்கும், ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பளபளக்கும், நாள்பட நிறம் ஏறும். ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி நம் ஊரிலிருந்து கப்பலேறிய 'ஈ.ஐ. லெதர்' புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த வகையில் கொஞ்சம் துண்டுத் தோல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் பர்ஸுக்குள் கார்டே நுழையவில்லை. ஏ.டி.எம். கார்டின் நீளம் 85.6 மில்லிமீட்டர். நான் தாராளமாக 90 என்று வெட்டினேன். இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து நாலு நாலு மில்லிமீட்டர் தள்ளித் தையல் போட்டால் உள்ளே மிச்சம் 82 தான் என்பது தைத்து முடித்தபிறகுதான் உறைத்தது. 35 வருஷம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன் நான்! இரண்டாவதில் துளைகள் கோணிக்கொண்டன. மூன்றாவதில் மடிப்பு வரும் இடத்தில் தோலைச் சீவி மெலிதாக்காமல் விட்டதால், மூடிய பர்ஸ் தவளை மாதிரி வாயைத் திறந்துகொண்டது.

நாலாவது கிட்டத்தட்ட சரி. தையல் மட்டும் அசிங்கமாக இருந்தது. வீடியோவை எத்தனை தடவை பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன்.

அவர் நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார். "ஒரு தையல் இந்தப் பக்கம் சாயுது, ஒண்ணு அந்தப் பக்கம் சாயுது. எந்த ஊசி முன்னாடி போவணும்னு நீங்க மாத்தி மாத்திப் பண்றீங்க சார்" என்றார். பத்து விநாடிதான் ஆகியிருக்கும்.

இந்தத் தையலுக்கு ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். மெஷின் தையல் ஒரு இடத்தில் அறுந்தால் இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டே போகும். இது அப்படிப் போகாது, ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஆனால் கடைசித் துளை வரை அதே வரிசை, அதே சாய்வு, அதே இழுப்பு இருக்க வேண்டும். என் பர்ஸில் சுமார் 120 துளை.

அதன் பிறகு மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் எட்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் பெயரைக் கேட்டேன். இருபது வருஷமாக என் செருப்பைத் தைத்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அத்தனை காலமும் "ஏம்பா, முப்பது ரூபாயா? இருபது வாங்கிக்கோ" என்றுதான் பேசியிருக்கிறேன். அவர் என்னை ஒரு தடவை கூட 'சார்' இல்லாமல் கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து 'வாங்க, போங்க' என்கிறேன். முதலில் அவருக்கே அது கூச்சமாக இருந்தது.

ஐந்தாவது பர்ஸ் நன்றாக வந்தது. அதை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொண்டுபோனேன். அவள் கையில் வாங்கவில்லை. "செருப்புத் தைக்கறவா வேலையைப் பண்ணிண்டிருக்கியாடா? அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்றாள். கூடத்தில் அத்திம்பேரின் மிருதங்கம், பட்டு உறைக்குள், சுவாமி படத்துக்குக் கீழே இருந்தது. அதன் இரண்டு முகத்திலும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல். இழுத்துக் கட்டிய வார் எருமைத்தோல். நான் அதைக் கையால் காட்டினேன். "அது வேற" என்றாள். என்ன வேறு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 78 வயதாகிறது அவளுக்கு.

அக்காவைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே பர்ஸைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காட்டியபோது "அடடா, என்ன கைவேலை!" என்று ஆளுக்கு ஆள் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். அதே தோல், அதே ஊசி. அடையாறில் 1948-லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் தோலைத் தொட்டால் விஞ்ஞானம். பென்ஷன்காரன் தொட்டால் கலை. வெயிலில் உட்கார்ந்து ஐம்பது வருஷமாகத் தொடுகிறவரிடம் மட்டும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம்.

வயதான காலத்தில் ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். நான் சொல்வது இன்னும் கொஞ்சம் அதிகம். ஏதாவது ஒரு கைத்தொழிலை, அதை வைத்துப் பிழைக்கிறவரிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்குப் பக்கத்தில், அவர் உட்காரும் உயரத்தில் உட்காருங்கள். பாட்டு வாத்தியாருக்குக் கொடுப்பது போலச் சம்பளமும் கொடுங்கள். நான் ஒரு நாளைக்கு 500 கொடுத்தேன். முதல் நாள் "எதுக்கு சார்?" என்று தயங்கினார், பிறகு வாங்கிக்கொண்டார். நாம் செய்யும் பொருள் கோணலாக வந்தாலும் பரவாயில்லை. ஒரு பர்ஸுக்கு எனக்குப் பதினோரு மணி நேரம் ஆகிறது. அந்தக் கணக்கு தெரிந்தபிறகு பேரம் பேச வாய் வருவதில்லை.

அக்கா வாங்காத பர்ஸைத்தான் நான் இப்போது வைத்திருக்கிறேன். வெயில் பட்டு, கை பட்டு, நிறம் ஏறிக்கொண்டு வருகிறது. அடுத்து ஆறாவது. அது பெரியவருக்கு. "எனக்கெதுக்கு சார், சட்டைப்பை போதும்" என்கிறார். ஆனாலும் தைக்கத்தான் போகிறேன். தையலைப் பார்த்து என்ன குறை சொல்வார் என்றுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.