சிவிக்கா? ஸ்விஃப்ட்டா?



தொழுகை, நோன்பு, வாரிசுரிமை என்று வரும் கேள்விகளுக்கே இப்பக்கத்தில் பெரும்பாலும் விடை எழுதி வருகிறோம். இம்மாதம் அக்குறணையிலிருந்து ஒரு சகோதரர் வேறு விதமான கேள்வியொன்றை அனுப்பியுள்ளார். கண்டி நகரில் தொழில் புரிபவர். இன்னும் சில மாதங்களில் அவருக்குத் திருமணம். அன்றாடம் ஓடுவதற்கு ஒரு கார் வாங்க வேண்டும். இரண்டு கார்களுக்கிடையே மனம் ஊசலாடுகிறது. ஒன்று ஹொண்டா சிவிக் 1.0 டர்போ, மற்றது சுசுகி ஸ்விஃப்ட் ஆர்.எஸ். டர்போ. தமது சேமிப்பைக் கொண்டு ஸ்விஃப்ட்டை வாங்கிவிடலாமாம். சிவிக் என்றால் பணம் போதாது. மீதியை லீசிங்கில் எடுக்கலாம். அல்லது பெண் வீட்டார் மனமுவந்து தருவதாகச் சொல்கிறார்களாம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்பதையும் இடையில் ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறார். இப்படி வேகமான காரை விரும்புவதே பாவமாகுமா என்ற கேள்வியுடன் கடிதம் முடிகிறது.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

பாவமன்று. ஸூரா அந்நஹ்லின் 8 ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் சொல்கிறான். நாம் அறியாதவற்றையும் அவன் படைப்பதாக அதே வசனம் முடிகிறது. ஆக, வாகனத்தில் ஓர் அழகு இருப்பதையும் அதை மனிதன் விரும்புவதையும் மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஏறிச் செல்வது முதலில் வருகிறது. அலங்காரம் அதன் பின்னால் வருகிறது.

வேகமும் அப்படித்தான். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை புஹாரியில் காண்கிறோம். பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யதுல் வதாஃ வரை. பயிற்றப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தொடங்குமிடமும் முடியுமிடமும் குறிக்கப்பட்டிருந்தன; எந்தக் குதிரை எதனுடன் ஓட வேண்டும் என்பதும் வகுக்கப்பட்டிருந்தது. அதே நபியவர்கள்தாம் அரஃபாவிலிருந்து மக்கள் திரும்பியபோது, பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டதும், சாட்டையால் சைகை செய்து, நிதானமாகச் செல்லுங்கள், விரைந்தோட்டுவதில் நன்மை இல்லை என்று அறிவுறுத்தினார்கள். பந்தயத் திடலுக்கு ஒரு சட்டம், மக்கள் கூடிச் செல்லும் பாதைக்கு ஒரு சட்டம்.

இனிக் கார்களுக்கு வருவோம். கராஜ் வைத்திருப்போரிடமும் இவ்விரண்டையும் ஓட்டுவோரிடமும் கேட்டறிந்தவற்றைச் சேர்த்தே எழுதுகிறேன்.

இவ்விரு கார்களும் நம் நாட்டுக்குள் இத்தனை வந்ததற்கு வரியே பெருங்காரணம். 1000 கன சென்றிமீற்றருக்கு உட்பட்ட பெற்றோல் எஞ்சின்களுக்கு வரி குறைவாக இருந்தது. சிவிக்கின் எஞ்சின் 988. ஸ்விஃப்ட்டின் எஞ்சின் 996. இரண்டிலும் மூன்று சிலிண்டர், இரண்டிலும் டர்போ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தபோதிலும் இவ்வகைகளின் உற்பத்தி முடிந்துவிட்டது. ஐந்து கதவு சிவிக்கைச் செய்த பிரித்தானியாவின் ஸ்விண்டன் தொழிற்சாலையே 2021 ஜூலையில் மூடப்பட்டது. எனவே நீங்கள் வாங்கப்போவது எதுவானாலும் கைமாறி வந்த காராகத்தான் இருக்கும்.

விளம்பரத்தில் சிவிக்குக்கு 129 குதிரைவலு, ஸ்விஃப்ட்டுக்கு 102 என்று போட்டிருப்பார்கள். இளைஞர்கள் அந்த இலக்கத்தைப் பார்த்ததும் தீர்ப்பெழுதி விடுகிறார்கள். எடையையும் பாருங்கள். ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. சிவிக் ஆயிரத்து இருநூறைத் தாண்டுகிறது. ஒவ்வொரு குதிரையும் இழுக்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டால் ஸ்விஃப்ட் பின்தங்கவே இல்லை. மேலும், நகருக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 என்பதுதானே நம் நாட்டுச் சட்டம். இவ்விரண்டில் எதற்கும் அந்த எல்லைகள் ஒரு பொருட்டல்ல. ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் நம் வீதிகளில் போகின்றன. குதிரைவலு போதாமையால் இறந்தவர் அவர்களுள் எத்தனை பேர் இருப்பார்கள்?

உங்கள் பாதையை நினைத்துப் பாருங்கள் தம்பி. அக்குறணையிலிருந்து ஏ-9 வீதியில் கட்டுகஸ்தோட்டை பாலத்தைக் கடந்து கண்டிக்குள் நுழைவது பத்துக் கிலோமீற்றர் அளவுதான். காலையில் அதில் பாதியை ஊர்ந்துதான் கடக்க வேண்டும். பஸ், ஓட்டோ, பாடசாலை வேன் எல்லாவற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடத்தில் திருப்ப வேண்டும், பின்னால் எடுக்க வேண்டும். சிவிக் நாலரை மீற்றர் நீளம், 1.8 மீற்றர் அகலம். ஸ்விஃப்ட் 3.84 மீற்றர் நீளம், 1.7 மீற்றருக்குச் சற்றுக் குறைவான அகலம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முன்னால் வாகனம் நிறுத்தத் தெரிந்தவருக்கு இந்த அரை மீற்றரின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. (குத்பா தொடங்கிய பின் வந்து, பிறர் வாயிலை அடைத்து நிறுத்துவோர் பற்றித் தனியாக ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது.)

கியர் விடயத்தையும் கவனியுங்கள். சிவிக்கின் தானியங்கி வகையில் இருப்பது சி.வி.ரி. எனப்படும் படியில்லாத கியர். இழுபடாமல் மென்மையாக ஓடும். ஆனால் ஹொண்டாவுக்கென்றே உள்ள எண்ணெயை உரிய காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். ஸ்விஃப்ட் டர்போவில் இருப்பது ஆறு படிகளைக் கொண்ட பழைய முறைத் தானியங்கி. எந்த ஊர் பாஸுக்கும் பழக்கமான வகை. சிவிக்கின் டைமிங் பெல்ட் எஞ்சின் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுவது. முன்னைய உரிமையாளர் எண்ணெய் மாற்றுவதில் சோம்பல் காட்டியிருந்தால் பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து எண்ணெய்ப் பாதையை அடைத்துவிடும். அதன் பின் எஞ்சினே போய்விடும். ஸ்விஃப்ட்டில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. அதற்கும் எண்ணெய் மாற்ற வேண்டும்தான். ஆனால் கைமாறி வந்த காரில், யாரோ ஒருவரின் சோம்பலுக்கு நாம் விலை கொடுக்கும் ஆபத்து சிவிக்கிலேயே அதிகம்.

சிவிக்குக்கு உரிய பெருமையை மறுப்பது நியாயமன்று. பின் ஆசனம் விசாலமானது. டிக்கி 478 லீற்றர், ஸ்விஃப்ட்டிலோ 265 தான். நீண்ட பயணத்தில் சிவிக் வீதியைப் பற்றிப் பிடித்துக்கொண்டு அமைதியாக ஓடும். வாரந்தோறும் கொழும்புக்கும் காலிக்கும் ஐந்து பேருடன் செல்பவர் கேட்டிருந்தால் என் விடை மாறியிருக்கலாம். ஆனால் சிவிக்கின் ஆசனம் தாழ்வானது. முழங்கால் வருத்தமுள்ள ஒரு தாய் அதிலிருந்து எழும்பிப் படும் பாட்டை விற்பவர் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு விடயமும் உண்டு. பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரில் ஏ-9 வீதியே தண்ணீருக்குள் போவதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். இரண்டும் தரையோடு தாழ்ந்து ஓடும் கார்களே. எஞ்சின் காற்றுடன் தண்ணீரையும் உறிஞ்சினால் ஒரு நொடியில் உள்ளே இரும்பு வளைந்துவிடும். எந்தக் காராயிருந்தாலும் அன்றைக்கு மேட்டில் நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.

ஆக, கார் என்ற அளவில் என் விடை ஸ்விஃப்ட். ஆனால் கடிதத்தில் என்னை உறுத்தியது கார் அல்ல, இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம். அதை நிரப்ப நீங்கள் காட்டும் வழிகள் இரண்டு.

முதலாவது லீசிங். வட்டி அடிப்படையிலான லீசிங் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கிய வசனத்தை மத்ரஸாவில் ஓதாதவர் யார்? இஜாரா, முராபஹா முறைகளில் வாகனம் தரும் நிறுவனங்கள் நம் நாட்டில் உண்டு. அங்கும் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். காரை முதலில் தமது உடைமையாக்கிய பின்னரா உங்களுக்கு வாடகைக்குத் தருகிறார்கள், தவணை பிந்தினால் அறவிடும் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, பெண் வீட்டார் தருவது. அதற்குப் பெயர் கைக்கூலி. மனமுவந்து என்ற சொல்லை இதற்குள் கொண்டுவராதீர்கள் தம்பி. அவர்கள் உண்மையிலேயே மனமுவந்து தருகிறார்களா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. எனக்கு ஒரு சதமும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தத் தந்தையின் முகத்தில் தெரிவது ஏமாற்றமா, நிம்மதியா? ஒரு முஸ்லிமின் பொருள் அவரது மனத் திருப்தியுடனன்றி நமக்கு ஆகாது என்பது நபிமொழி. ஸூரா அந்நிஸாவின் 4 ஆவது வசனம் பெண்களுக்கு மஹரைக் கொடுக்கும்படி ஆண்களைப் பணிக்கிறது. பெண்ணிடமிருந்து காருக்குக் காசு பெறும்படி எந்த வசனமும் இல்லை. நம் நாட்டுச் சட்டமும் இங்கே கண்ணைத் திறந்தே இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மணப்பெண்ணின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்பட்ட பொருளாகவே கொள்கிறது. அதை மீளப் பெற அவள் காழியிடம் வழக்கிடலாம். அப்படியானால் அந்தச் சிவிக்கின் ஒரு பகுதி யாருடையது? உங்கள் மனைவியின் காசில் ஏறிக்கொண்டு, என் கார் என்று நண்பர்களுக்குக் காட்டுவதா?

குதிரைகள் மூவகை மனிதருக்கு மூவகையாய் அமைவதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னதை புஹாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. ஒருவருக்கு வறுமையையும் பிறரிடம் கையேந்துவதையும் தடுக்கும் திரை. பெருமைக்காக வளர்ப்பவருக்கோ பாவச்சுமை. திரையாக அமையும் குதிரைக்காரர் அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குரிய உரிமையை மறப்பதில்லை என்றும் வருகிறது. காரின் முதுகிலுள்ள உரிமை என்ன? நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது கண்டி ஆஸ்பத்திரிவரை ஓடுவதற்குச் சாவியை எடுக்கத் தயங்காதிருப்பதை அதில் சேர்க்கலாம். சைலன்சரைக் கழற்றி வேறு குழாய் பூட்டி, அதே பிள்ளையைத் தூக்கத்தில் திடுக்கிடச் செய்வதை எதில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஸ்விஃப்ட் ஆர்.எஸ். என்ற பெயரிலேயே டர்போ இல்லாத 1.2 லீற்றர் ஹைபிரிட் வகையும் ஓடுகிறது. பொனட்டைத் திறக்காமல் பெயரை நம்பி விலை பேசாதீர்கள். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் பட்டதையும், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்பவரைக் கேட்டதையும் அறிவோம். இன்றைய ஈரத் தானியம் கிலோமீற்றர் மீற்றரைத் திருப்பி வைப்பது. சேர்விஸ் புத்தகத்திலுள்ள இலக்கங்களையும், பிரேக் மிதியும் ஸ்டியரிங்கும் தேய்ந்திருக்கும் அளவையும் ஒப்பிட்டால் பொய் தெரிந்துவிடும். உங்களுக்கு முன் இன்னொருவர் கூடுதல் விலை சொல்லிவிட்டார் என்று தரகர் அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவது விலக்கப்பட்ட நஜ்ஷ். மூன்று நாட்கள் வரை திருப்பித் தரும் உரிமையை நிபந்தனையாகப் பேசிக்கொள்ள நமது ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. நேர்மையான வியாபாரி அதற்கு மறுக்கமாட்டார்.

சிவிக் வாங்காமல் மிஞ்சிய காசு கையில் இருக்கப் போவதில்லை, அது ஆரம்பத்திலிருந்தே உங்களிடம் இல்லாத காசுதானே. ஆகவே ஸ்விஃப்ட்டுக்கே சேமிப்பு முழுவதையும் கொட்டிவிடாமல், நான்கு நல்ல ரயர்களுக்கும் முதல் எண்ணெய் மாற்றத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு விலை பேசுங்கள்.

காரைப் பார்க்கச் செல்லும்போது ஒரு பாஸையும் உங்கள் உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். பாஸ் எஞ்சினைக் கேட்கட்டும். உம்மா முன் ஆசனத்தில் ஒருமுறையும் பின் ஆசனத்தில் ஒருமுறையும் அமர்ந்து எழும்பட்டும். அதற்குள் நீங்கள் கால்விரிப்பை உயர்த்தி அடியிலுள்ள கம்பளத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் மணத்தால் அது ஏதோ ஒரு வெள்ளத்தில் நின்ற கார்.