எழுதத் தொடங்காத நாவல்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் எம்மிடம் வந்தபோது, “நீங்கள் நாவலொன்று எழுதுவதாகக் கேள்விப்பட்டோம், அதன் முதலதிகாரத்தைத் தந்தாற் போதும்” என்றனர். நாம் வெட்கமடைந்தோம். நாவல் எழுதப் போவதாக நண்பர்களிடம் சொல்லத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் கழிந்துவிட்டன. முதலதிகாரம் கிடக்கட்டும், வெட்டப்படாது எஞ்சிய முதல் வசனந்தானும் எம்மிடம் இல்லை. கொடுப்பதற்கு அதிகாரம் இல்லாமையால், அஃது இல்லாது போன காரணத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம். எம்மைப் போன்றவர் பழைய மாணவர் வரிசையிலும் ஆசிரியர் அறையிலும் பலர் உளர் என்பதை அறிவோம்.

தமிழாசிரியன் ஒருவனுடைய நாள் எவ்வாறு கழிகின்றது என்பதை அறியாதார், “நேரமில்லை” என்பதைச் சாக்கென்பர். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து மேசையில் அமர்ந்தால், தாங்கியில் தண்ணீர் இல்லையென்று அடுக்களையிலிருந்து குரல் வரும். மோட்டரை இயக்கிவிட்டு மீளுமுன் விடிந்துவிடும். பகலெல்லாம் பாடசாலை, பிற்பகலில் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பயிற்றல் வேண்டும். மாலையில் கும்பாபிடேக மலருக்கு வந்த ஆசிச்செய்திகளைத் திருத்தித் தருமாறு கோயிற் சபையார் வருவர். இளைப்பாறும் அதிபருக்கு வாழ்த்துப்பா ஒருவர் கேட்பார். மணமக்களுக்கு வாழ்த்துமடல் இன்னொருவர் கேட்பார். ஊரில் எவரேனும் காலமானால் முப்பத்தோராம் நாளுக்குரிய கல்வெட்டை எழுதுங் கடமையும் எம்முடையதே. இவற்றுக்கிடையே கைத்தொலைபேசி ஓயாது கூவும். இவ்வளவுக்கும் நடுவில் நாவல் எங்ஙனம் பிறக்கும் என்று நாமும் பல காலம் நம்பியிருந்தோம்.

சென்ற ஆவணி விடுமுறை அந்நம்பிக்கையைக் குலைத்தது. வீட்டார் உறவினர் திருமணத்தின் பொருட்டுக் கிளிநொச்சி சென்றனர். மூன்று முழு நாட்கள் எமக்கே உரியனவாயின. தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். மூன்றாம் நாள் முடிவில் எம்மிடம் எஞ்சியவை சீவிய பென்சில்கள் ஐந்தும், அழகாக அடுக்கிய புத்தக அலுமாரி ஒன்றும், தலைப்பு ஒன்றுமேயாம்.

நேரமின்மைதான் தடையெனின், உலகில் நாவல்கள் பல தோன்றியிரா. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் 1867 வரை தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் எனக் கணக்கிட்டு எழுதினார். எம் நாட்டிலே, 1885 இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்ட கண்டிச் சித்திலெவ்வை சட்டத் தொழிலையும், ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையையும், பள்ளிக்கூடங்கள் நிறுவும் பணியையும் ஒருங்கே சுமந்தவர். செங்கை ஆழியான் அரசாங்க நிருவாக சேவையிலிருந்தபடியே ‘வாடைக்காற்று’ முதலிய நாவல்கள் பலவற்றைத் தந்தார். இவர்களிலும் எமக்கு அலுவல் மிகுதியென்று சொல்ல நாக் கூசுகின்றது.

ஆயின் எம்மைத் தடுத்தது யாது? அதனைச் சொல்ல வேண்டின் நாவலின் பொருளைச் சொல்லல் வேண்டும். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது எமக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்திரளினுள் எம் ஆச்சியார் எமது கையைப் பற்றியிருந்தார். அவ்விரவு முழுவதும் அவர் சொன்னது ஒன்றே: “மோனை, என்ரை கையை விட்டிடாதை.”

அந்த மூன்றாம் நாள் இவ்வசனத்தையே முதலில் எழுதினோம். எழுதியதும் எமது கை தானாகவே அதனைத் திருத்தியது. “மகனே, எனது கையை விட்டுவிடாதே” என்றாயிற்று. இலக்கணப் பிழை யாதும் இல்லை. ஆனால் அவ்விரவில் எம் கையைப் பற்றி நின்றவர் இவ்வாறு பேசுபவர் அல்லர். இவர் மேடை நாடகத்து அரசி. இரண்டையும் வெட்டிவிட்டு எழுந்தோம்.

பயிற்சிக் கலாசாலையிலே கட்டுரை திருத்தும் முறையைக் கற்று வந்தபின், இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையும் கையுமாக இருக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் தன் அம்மம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதினான். அவர் கூறியனவாக அவன் எழுதிய ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிட்டுச் செந்தமிழ் வடிவத்தை மேலே எழுதிக் கொடுத்தோம். அவன் கொப்பியைப் பார்த்துவிட்டு, “சேர், அம்மம்மா அப்பிடித்தானே சொன்னவ?” என்றான். நாம் விடை கூறவில்லை. அடுத்த கொப்பியை எடுத்தோம். அதன்பின் அவனுடைய கட்டுரைகளில் பிழைகள் குறைந்தன, அம்மம்மாவும் வரவில்லை. அன்று அவனுக்குச் செய்ததையே இன்று எமக்கும் செய்துகொண்டோம்.

இது புதிய வழக்கன்று. 1960 களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளரும் பண்டிதரும் ‘மரபுப் போராட்டம்’ எனப்பட்ட விவாதத்தில் இதுபற்றியே மோதினர். கதைகளில் வந்த மக்கள் பேச்சு ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. எழுத்தாளர் பின்வாங்கினாரல்லர். 1972 இல் டானியலின் ‘பஞ்சமர்’ வெளிவந்த காலத்தில் அவ்வழக்கு ஏட்டிலே தீர்ந்துவிட்டது. வகுப்பறையில் இன்னும் தீரவில்லை. தொல்காப்பியரோ வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்தவர் எனப் பாயிரம் கூறுகின்றது. இலக்கணத்தின் பெயரால் வழக்கை அஞ்சுவது அவருக்கு உகந்ததாகாது.

செந்தமிழைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. பிழையற எழுதக் கற்பித்தல் எமது தொழில். அதில் நாணுதற்கு ஏதுமில்லை. ஆனால் திருத்துவதற்கு முன் எழுதப்பட்டது ஒன்று இருத்தல் வேண்டும். எழுதும்போதே திருத்துவோன் எழுதமாட்டான். அவனுக்குத் தண்ணீர்த் தாங்கியும் வாழ்த்துப்பாவும் இடையூறுகள் அல்ல, புகலிடங்கள்.

காலமோ காத்திராது. எழுதிய கல்வெட்டுக்களின் பிரதிகளை வைத்திருக்கின்றோம். அண்மையில் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். பிறந்த ஊர், பயின்ற பாடசாலை, வாழ்க்கைத் துணை, மக்கட்பேறு, இறைவனடி சேர்ந்த திதி யாவும் குறைவின்றி உள. அவர்களுட் பெரும்பாலோர் அப்பாலத்தை நடந்து கடந்தவர்கள். அவ்விரவைப் பற்றி ஒரு வரியும் நாம் எழுதவில்லை. அவர்களிடம் கேட்கவும் இல்லை. எம் ஆச்சியாரின் கல்வெட்டிலும் அஃதில்லை. கேட்கக்கூடியவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

ஆதலின் இம்மலரின் வாயிலாகச் சிலவற்றை வேண்டுகின்றோம். உடன் ஆசிரியர்களே, மேற்கோட் குறிகளுக்குள் மாணவன் எழுதும் பேச்சின்மீது சிவப்பு மையை வைக்காதிருப்போம். மாணவர்களே, வீட்டிலுள்ள முதியோர் சொல்வதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதி வையுங்கள். புள்ளி கிடையாவிடினும் எழுதுங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களே, நீங்கள் நினைவில் வைத்திருப்பவற்றை நான்கு பக்கங்களிலேனும் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். நாவல் எழுதுவோன் எவனாயினும் அவை அவனுக்கு வேண்டும்.

எம் நாவல் முடியுமோ, அறியோம். இக்கட்டுரையை எழுதி முடித்த இரவே ஒரு புதிய கொப்பியை எடுத்து, ஆச்சியார் சொன்ன வசனத்தை அவர் சொன்னபடியே முதற் பக்கத்தில் எழுதினோம். சிவப்புப் பேனாவைப் பாடசாலை மேசையிலேயே விட்டு வந்திருந்தோம். காலையில் மோட்டரை இயக்கிவிட்டு இரண்டாவது வசனத்தை எழுதல் வேண்டும்.