லைசென்ஸ் கேட்பது இப்போது யார்?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை பிறந்தால் 1991ஐப் புகழும் கட்டுரைகள் வரிசைகட்டி வந்துவிடும். அந்த ஜூலை 24ஆம் தேதிதான் புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் வந்தன. 18 தொழில்களைத் தவிர வேறு எதற்கும் இனி டெல்லியில் உரிமம் வாங்க வேண்டியதில்லை என்றார்கள். பொதுத்துறைக்கு மட்டுமே என்றிருந்த 17 துறைகள் 8 ஆகச் சுருங்கின. லைசென்ஸ் ராஜ்யம் ஒழிந்தது, திறமை இருந்தால் இனி எவரும் முதலாளி ஆகலாம் என்பதுதான் அந்தக் கட்டுரைகளின் பல்லவி.

என் மாமா அந்தப் பல்லவியை நம்பியவர். திருப்பூரில் பத்து வருடத்துக்கு மேல் பவர் டேபிள் டெய்லராக இருந்தவர். ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்த காலம் அது. நாமே ஏன் எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கக்கூடாது என்று இறங்கினார். அதற்கு முதலில் ஒரு ஷெட் வேண்டும். பார்க்கப் போன இடத்தில் வாடகை பேசுவதற்கு முன்பே ஓனர் கேட்டார்: "தம்பி என்ன கூட்டமுங்க?"

கொங்குப் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கவுண்டர் சாதிக்குள் இருக்கும் குலப் பிரிவுக்குப் பெயர் கூட்டம். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்றால், கேட்டவருக்கு அதுவே பதில். "மச்சான் ஒருத்தன் ஏற்கெனவே கேட்டு வச்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டார். மூன்றாவதாகப் பார்த்த ஷெட்தான் கிடைத்தது. ஊருக்கு வெளியே, மற்றவர்கள் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு அட்வான்ஸ்.

ஷெட்டோடு முடிந்திருந்தால் சமாளித்திருப்பார். ஜாப் ஒர்க்கின் கணக்கு விசித்திரமானது. கம்பெனி வெட்டிய துணியைக் கொடுக்கும், நாம் தைத்துக் கொடுப்போம், பில் காசு இரண்டு மாதம் கழித்து வரும். ஆனால் டெய்லருக்குச் சனிக்கிழமை தவறாமல் சம்பளம் தர வேண்டும். நடுவில் இருக்கும் எட்டு வாரத்தை யார் பணத்தில் ஓட்டுவது? பக்கத்து ஷெட்காரருக்குச் சித்தப்பா கொடுப்பார், சம்பந்தி கொடுப்பார், ஊரில் தோட்டம் இருந்தால் அதன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வங்கி கொடுக்கும். மாமாவிடம் இருந்தது காலனியில் அரசு கொடுத்த மூன்று சென்ட் பட்டா. விற்கவும் அடகு வைக்கவும் கட்டுப்பாடு உள்ள நிலம். அதைப் பார்த்துவிட்டு வங்கியில் சிரித்தார்களாம். வட்டிக்காரரிடம் போனார். நாலே வருடம். மெஷின்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு, மறுபடியும் அடுத்தவர் கம்பெனியில் டெய்லர் ஆனார்.

பக்கத்து ஷெட்காரர் உழைக்காமல் மேலே வந்தார் என்று நான் சொல்லவில்லை. திருப்பூர் முதலாளிகளில் கணிசமானவர்கள் காட்டிலும் மில்லிலும் உழைத்தவர்கள்தான் என்று சரத் சாரி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உழைத்தார்கள், உண்மை. என் மாமாவும் உழைத்தார். அவர்களுடைய உழைப்பின் பின்னால் நிலமும் உறவும் ஜாமீன் நின்றன. இவருடைய உழைப்புக்கு ஜாமீன் போட ஆள் இல்லை.

இது ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி 1990இல் நாட்டின் தொழில் நிறுவனங்களில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தவை 9.9 சதவீதம். 2005இல் 9.8 சதவீதம். மக்கள்தொகையில் நமது பங்கோ 16 சதவீதத்துக்கு மேல். எல்லாக் கதவுகளும் திறந்ததாகச் சொல்லப்படும் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது. அதுவும் நம்முடையவற்றில் மிகப்பல கூலி ஆளே இல்லாமல் குடும்பமே பாடுபடும் சிறு கடைகள். உச்சியில் என்ன நிலை? நாட்டின் ஆயிரம் பெரிய கம்பெனிகளின் இயக்குநர்களை 2012இல் ஆராய்ந்தபோது 90 சதவீதத்துக்கும் மேல் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரையும் சேர்த்தே 3.5 சதவீதம்.

சந்தை சாதி பார்க்காது என்பவர்களுக்கு அண்ணலின் வாழ்க்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. லண்டனிலிருந்து திரும்பிய இளம் அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது, நிறுவனமும் மூடப்பட்டது. அவரிடம் லைசென்ஸ் கேட்டது பிரிட்டிஷ் அரசு அல்ல.

இதற்காகப் பழைய லைசென்ஸ் காலத்துக்கு ஏங்க வேண்டும் என்கிறேனா? இல்லை. டெல்லி அலுவலகங்களில் கோப்பு நகர்த்தத் தெரிந்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் டாடா, பிர்லாவுக்குக் கிடைத்த உரிமம் சேரிக்கு வந்ததில்லை. ஆனால் அதே அரசு நடத்திய பொதுத்துறையில் இடஒதுக்கீடு இருந்தது. நம்மில் எத்தனையோ வீடுகளில் முதல் மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று தனியாருக்குக் கைமாறினால் அதில் புதிதாக ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீடு இல்லை. ஆக ஒரு கதவை நம் முகத்துக்கு நேரே மூடிவிட்டு, திறந்திருப்பதாக இன்னொரு கதவைக் காட்டுகிறார்கள்.

இங்கேதான் தலித் முதலாளியம் பேசும் தோழர்களோடு எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. சந்திரபான் பிரசாத் சொல்வதில் நியாயம் உண்டு: பண்ணையாருக்குக் கைகட்டி நின்றவன் நகரத்துக்கு வந்து கூலியைப் பேரம் பேசி வாங்குகிறான், அது பெரிய மாற்றம். என் மாமாவே அதற்குச் சாட்சி. 2005இல் மிலிந்த் காம்ப்ளே தலித் தொழில் வர்த்தக சபையைத் தொடங்கியபோது, வேலை கேட்பவராக அல்ல, கொடுப்பவராக மாறுவோம் என்றார். கேட்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் எந்தத் தொழிலில்? 2019இல் டெல்லியில் சாக்கடை அள்ளும் எந்திர வண்டிகள் 200ஐ ஏற்பாடு செய்து ஒடுக்கப்பட்டவர்களைத் தொழில்முனைவோர் ஆக்கினார்கள். மலக்குழியில் ஆள் இறங்கிச் சாவதைத் தடுக்கும் எந்திரத்தை நான் எதிர்க்கவில்லை. முதலாளி ஆன பிறகும் நமக்கென்று சாக்கடையைத்தான் தேடித் தருகிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

அரசே வாங்கும் இடத்தில்கூட இதே கதைதான். மத்திய அரசும் அதன் நிறுவனங்களும் வாங்கும் பொருளில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012இல் ஆணை வந்தது. ஆண்டுகள் பல கடந்தும் இலக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. தவறினால் யாருக்கும் தண்டனை கிடையாது.

தமிழ்நாட்டில் 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம், விண்ணப்பியுங்கள். மாமாவின் மகள் விண்ணப்பித்திருக்கிறாள். அப்பாவைப் போல ஜாப் ஒர்க் இல்லை, சொந்தமாகக் குழந்தைகள் உடுப்பு. மானியம் வேண்டுமென்றால் முதலில் வங்கி கடனுக்குச் சம்மதிக்க வேண்டும். வங்கியோ ஷெட்டின் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்கிறது. சிட்கோ தொழிற்பேட்டைகளில் எந்தச் சாதியினர் கையில் எத்தனை ஷெட் இருக்கிறது என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும், நமக்குரிய பங்கு சாவியாகக் கைக்கு வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

போன மாதம் ஒரு ஷெட் பார்த்துவிட்டு வந்தாள். வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில் எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள். கிளம்பும்போது ஓனர் கேட்டாராம், "அப்பா எந்த ஊருங்கம்மா? யாரு வீடு?" மரியாதையாகத்தான் கேட்டாராம். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. வேறு ஷெட் தேடிக்கொண்டிருக்கிறாள்.